அத்தை என்ன சொல்றாங்கன்னா

அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா? புள்ள காலு உங்க சேலையில படுது. படட்டுமா? சரி, உங்களுக்கு நல்ல மனசு.

என்னைய ஒரு பார்வை பாக்குறீங்க, முன்னாடி ஒரு பார்வை பாக்குறீங்க. நான் கைய ஆட்டுறதையா? அந்தா, டிரைவருக்குப் பின்னாடி, பாட்டுப் பெட்டிக்குக் கீழ, நீலச் சட்ட போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க. எங்கண்ணன். குருநாதன்னு பேரு. அவனுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. அந்தப் பெட்டிக்குக் கீழ வேற எவனாவது உக்காந்தா மண்ட பிளந்துரும். இவன் கால நீட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கான். எந்த பஸ்ல ஏறினாலும் அந்த சீட்டு மட்டும் இவனுக்குன்னு காலியா கெடக்கும்.

பேசிக்கிட்டு வரலக்கா. சண்ட போட்டுக்கிட்டு வர்றோம். சங்கரன்கோவில்ல ஏறினதுலருந்து இந்தச் சண்டதான். இத்தன சனம் கத்துது, கண்டக்டர் விசில் அடிக்கிறாரு, பாட்டு வேற. இதுக்கு நடுவுல நாங்க ரெண்டு பேரும் வண்ட வண்டையாத் திட்டிக்கிட்டு வர்றோம், ஒருத்தருக்கும் தெரியல. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க.

பொதுவா நான் யாருகிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். ரொம்ப வெட்கம் எனக்கு. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, செண்பகம் இருக்கிற எடம் தெரியாதும்பாங்க. ஆனா இவன் எனக்குப் பண்ணின துரோகத்த யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு இந்த நெஞ்சு ஆறாது. நீங்களே சொல்லுங்க. பெத்த புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி. அந்த மடிய நான் அவனுக்கு வாங்கிக் குடுக்கிறதுக்கு என்ன பாடு பட்டேன்! அவன் ஊரு பாக்க என்னையக் கவுத்துட்டான்.

மொதல்லருந்து சொல்றேன்.

இவன் எனக்கு ஒன்றரை வருசம் மூத்தவன். பேருக்குத்தான் அண்ணன். எங்கம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, இவன நான்தான் கூட்டிக்கிட்டு அலைவேன். சைகை எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, நாங்களா வச்சுக்கிட்டதுதான். அப்புறம் இவன ஆஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க, அங்கருந்து லீவுக்கு வர்றப்ப ஒழுங்கான சைகை ஒரு மூட்ட கொண்டுக்கிட்டு வருவான். ரெண்டும் கலந்து ஒரு பாஷை. என் படிப்ப ஆறாப்போட நிறுத்திட்டாங்க. நான் எங்க பள்ளிக்கூடம் போனேன், இவன்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் நாங்க ஒரு பேரு வச்சிருப்போம். மூக்குல ரெண்டு பக்கமும் தொட்டா எங்க அத்தை, என் மாமியாரு, ரெண்டு மூக்குத்தி. காதுல போன வச்சுக் காட்டினா எங்க சித்தப்பா மகன் ஞானசேகரு, கோவில்பட்டியில செல்போன் கட வச்சிருக்கான். எனக்கா? இப்படி, வாய்க்கு முன்னாடி அஞ்சு விரலையும் குவிச்சுத் திறந்து மூடினா நானு. குருவி மூக்கு. சின்ன வயசுல குருவி மாதிரி ஒல்லியா இருப்பேன், அதுக்கு வச்சது.

அப்புறம் பொய்யின்னா உள்ளங்கையப் புரட்டணும். மேல, கீழ. இப்படி. பச்சப் புள்ளையிலருந்து அவன் எங்கிட்ட இதத்தான் அதிகமாக் காட்டியிருக்கான். ஏன்னே தெரியல.

அவனுக்கு நான்தான் வாயி. கடைக்குப் போனா, "அண்ணன் தேன் மிட்டாய் கேக்குறான்"ம்பேன். பாவம், வாயில்லாப் புள்ளன்னு கடைக்காரர் ஒண்ணு கூடவே போடுவாரு. அண்ணனுக்குத் தேன் மிட்டாய் பிடிக்காது. அதுக்காகக் குடுக்கிறத வேண்டாங்க முடியுமா?

என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்க. இவன் நல்லா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கான். எங்க மாமனாரு, "தம்பிக்கு என்ன வேலை?"ன்னு நேரா அவனப் பாத்துக் கேட்டுட்டாரு. அவன் என்னையப் பாக்குறான். நான் காப்பித் தட்டோட நிக்கிறேன். "சிவகாசியில பிரஸ்ல வேலை, அண்ணன் பெரியவங்க முன்னாடி பேச மாட்டான், மரியாதை"ன்னு சொல்லிட்டேன். அத்தைக்கு அப்படியே குளுந்து போச்சு. "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!"ன்னாங்க. மறைச்சோம்னு இன்னிக்கும் சொல்றாங்க. எதக்கா மறைச்சோம்? அவங்க கேக்கல, நாங்க சொல்லல. தாலி கட்டின மறுநாள் அவங்களாத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

அன்னையிலருந்து ஒரே சட்டம். இந்த வீட்டுக்குள்ள கையால பேசக்கூடாது.

யாரு சொல்றது? எங்க மாமனாரு மாட்டுத் தரகரு. சந்தையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள விரலப் பிடிச்சு விலை பேசுவாரு. இந்த விரலப் பிடிச்சா இவ்வளவு, அந்த விரல மடக்கினா அவ்வளவு. வாயே திறக்காம ஒரு சோடி மாடு கை மாறிப் போயிரும். அப்படிக் கையால பேசிக் கட்டின வீடு. அந்த வீட்டுக்குள்ளதான் கைய ஆட்டினா லெச்சுமி தங்க மாட்டாளாம். அத்தை சொல்லுவாங்க, "நல்ல குடும்பத்துப் பொம்பள கைய ஆட்டிப் பேச மாட்டாடி"ன்னு. அதச் சொல்றப்ப அவங்க கை ரெண்டும் காத்தாடி மாதிரி சுத்தும். நான் தலையக் குனிஞ்சு நிப்பேன். வெட்கப்படுறவ, என்ன செய்ய.

அண்ணன் வீட்டுக்கு வந்தாலும் அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. அவன் எதிர்லயே இருப்பான், எங்கிட்டத்தான் கேப்பாங்க, "இவன் சாப்பிடுவானா? இவன் எந்த பஸ்ஸுக்குப் போறான்?"னு. மாடு வாங்க வந்தவன் மாட்டுக்காரன்கிட்ட மாட்டப் பத்திக் கேக்குற மாதிரி. நானும் சொல்லுவேன். அவன்கிட்டப் போயிக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?

அப்புறம் என் மடியில இருக்கிற இவன் பொறந்தான். மகிழன். வருசம் ஒண்ணாச்சு, ஒன்றரையாச்சு, பேச்சு வரல. ஊரு சும்மா இருக்குமா? "மாமனக் கொண்டிருக்கும்"னு ஆரம்பிச்சாங்க. அத்தை இவன் முதுகுக்குப் பின்னாடி சோத்துத் தட்டத் தட்டிப் பாத்தாங்க. திரும்பினான். கொடத்த உருட்டிப் பாத்தாங்க. திரும்பினான். டாக்டரம்மா பாத்துட்டு, "காது பாம்புக் காது, பேச்சு மெதுவா வரும், போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்பவும் அத்தைக்கு ஆறல.

பேச்சுத்தான் வரலயே தவிர இவன் எல்லாம் கேப்பான்க்கா. தண்ணிக்குக் கட்டவிரல வாய்க்குக் காட்டுவான். தூக்குன்னா ரெண்டு கையையும் நெஞ்சுல சேத்து வச்சு விரிப்பான், எங்கண்ணன் சின்ன வயசுல காட்டின அதே மாதிரி. எங்கருந்து கத்துக்கிட்டான்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள்ள கைய அசைச்சதே இல்ல. கொல்லையில துவைக்கிற கல்லுல செல்போனச் சாத்தி வச்சு அண்ணனோட வீடியோவுல பேசுவேன். அது வீட்டுக்கு வெளிய. இவன் சும்மா இடுப்புல இருப்பான், அவ்வளவுதான்.

இப்படி இருக்கப்பதான் எங்க அத்தை ஒரு காரியம் பண்ணாங்க. குலசாமி கோயிலுக்குப் போயி, "என் பேரன் வாயத் திறந்து ஒரு வார்த்த பேசுற வரைக்கும் நானும் பேச மாட்டேன்"னு சூடத்த அடிச்சு அணைச்சுட்டாங்க.

யாரு? எங்க அத்தை! சொர்ணத்தாயி வாய அடக்கணும்னா மழதான் வரணும்னு ஊர்ல பழமொழியே உண்டு. எங்க மாமனாரு அன்னிக்கு சந்தைக்குப் போகல. வேப்ப மரத்தடியில கட்டிலப் போட்டு, மல்லாந்து படுத்து, காக்கா கத்துறதக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. "இந்த வீட்டுல காக்கா வருதுன்னே எனக்கு இப்பதான் தெரியும்"னாரு.

வாய மூடிட்டாங்க, கைய மூட முடியுமா? மறுநாள் ஆரம்பிச்சுது. அத்தை பாக்குவெட்டி கேக்குறாங்க, மாமனாரு எலி பிடிக்கிற கிட்டியத் தூக்கிட்டு வர்றாரு. உலைக்கு அரிசி போடச் சொல்றாங்க, எங்க வீட்டுக்காரரு கோழிக்கு அரிசியப் போடுறாரு. அத்தைக்கு மூஞ்சி செவந்து மூக்குத்தி ரெண்டும் துடிக்குது. கடைசியில எல்லாரும் என்னையப் பாத்தாங்க. "ஏ செண்பகம், உனக்குத்தான் இந்தக் கைப்பேச்சு தெரியுமே. அம்மா என்ன சொல்றாங்க?"

கைய ஆட்டக்கூடாதுன்னு சொன்ன வீட்டுல! நான் ஒண்ணும் பீத்திக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொன்னேன், "அத்தை என்ன சொல்றாங்கன்னா…"

அன்னையிலருந்து அந்த வீட்டுல அத்தை என்ன சொல்றாங்கன்னு நான்தான் சொன்னேன்.

பக்கத்து வீட்டு ராக்கம்மா மோர் கேட்டு வந்தா. அத்தை சொம்பக் காட்டி, வீட்டக் காட்டி, கைய வீசினாங்க. இல்லைன்னு போகச் சொல்லுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? ஆனா ராக்கம்மாதான் நான் தண்ணிக்குப் போறப்ப இவனப் பாத்துக்கிறவ. "அத்தை இன்னொரு சொம்பும் ஊத்தச் சொல்றாங்க"ன்னேன். அத்தை தரையில மிதிச்சாங்க. "சீக்கிரம் ஊத்துங்குறாங்க"ன்னேன்.

என்னையக் களை வெட்டப் போகச் சொல்லிக் காட்டினாங்க. வெயிலுக் கொளுத்துது. "வெயில் சாய்ஞ்சதும் போகட்டும்னு அத்தை சொல்றாங்க"ன்னு மாமனாருகிட்டச் சொல்லிட்டு இவனப் போட்டுத் தாலாட்டிக்கிட்டுக் கெடந்தேன். சாயங்காலம் எங்க வீட்டுக்காரருக்குக் களி கிண்டச் சொன்னாங்க. "அம்மா கடையில புரோட்டா வாங்கிட்டு வரச் சொல்றாங்க, சால்னா தனியா"ன்னேன். அவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "எங்கம்மாவா? கடைச் சாப்பாட்டயா? சாமி கண்ணத் திறந்துட்டாரு"ன்னு வண்டிய எடுத்தாரு.

பொய்யின்னு சொல்லாதீங்கக்கா. அத்தை மனசுக்குள்ள நல்லது கெடந்துச்சு, அவங்களுக்கே தெரியாம. நான் அத எடுத்து வெளியில சொன்னேன். ரெண்டே மாசத்துல ஊரே அவங்களக் கொண்டாடுது. "சொர்ணத்தாயி விரதம் இருந்து தங்கமா மாறிட்டா"ங்குறாங்க. யாரால மாறினாங்க? அத நான் யாருகிட்டயும் சொல்லிக்கல. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல.

அப்பதான் எங்கண்ணன் வந்து நின்னான். ஆனி மாசத்துல காதுகுத்து, சீர் பத்திப் பேசணும்னு வந்தான். வந்தவன் நேரா அத்தைகிட்டப் போயிக் கும்பிட்டான். அத்தை பழக்கத்துல என் பக்கம் திரும்பிக் கையக் காட்டினாங்க. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அவன் உள்ள போயிப் பாக்குவெட்டியக் கொண்டாந்து அவங்க கையில குடுத்துட்டான்.

அத்தை அவனையே பாத்தாங்க. அப்புறம் வெத்தலைன்னு காட்டினாங்க. குடுத்தான். சுண்ணாம்பு. குடுத்தான். வேணும்னே உள்ள கெடந்த பழைய உரலு, எங்க மாமனாரோட கிழிஞ்ச குட, அதையெல்லாம் காட்டிப் பாத்தாங்க. ஒண்ணு தப்பல. அத்தைக்குச் சிரிப்பு வந்துருச்சு. மாடுன்னா இப்படிக் கொம்பு, சந்தைன்னா இப்படின்னு இவன் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சான். பிரஸ்ல மெசின் சத்தத்துக்குள்ள காது கேக்குறவனும் சைகைதானாம், இவன்கிட்டத்தான் எல்லாரும் கத்துக்கிறாங்களாம். மாமனாரு மீசைய முறுக்கிக்கிட்டு மாட்டுப் பல்லப் பிடிச்சுப் பாக்குறத இவன் நடிச்சுக் காட்டினான். அத்தை வாய முந்தானையால பொத்திக்கிட்டு உருண்டு உருண்டு சிரிக்கிறாங்க.

எனக்கு எரிஞ்சுது. நான் ஒருத்தி எதுக்கு நிக்கிறேன்? "நேரா பேசாத, எங்கிட்டச் சொல்லு, நான் பதமாச் சொல்றேன்"னு அவன்கிட்டக் காட்டினேன். அவன் உள்ளங்கையப் புரட்டினான். இந்தப் பழக்கம் அவனுக்கு.

இதெல்லாம் சரி. சிரிப்பு வேற, மடி வேற. அவன் போன மறுவாரம் அத்தை என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. காதுல போன வச்சுக் காட்டினாங்க. ஞானசேகரு. மடியத் தட்டினாங்க. இவன் காதத் தொட்டாங்க. அப்புறம் எங்கண்ணன் உக்காந்திருந்த எடத்தக் காட்டி, அவங்க காத மூடி, இவனக் காட்டி, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டாங்க. கேக்காத காதுக்காரன் மடியில வச்சுக் குத்தினா இவனுக்கும் அது ஒட்டிக்கிருமோன்னு பயம். சித்தப்பா மகனும் மாமன் முறைதானே, அவன் மடியில வச்சுக் குத்தலாம், சீர் மட்டும் உங்கண்ணன் கொண்டாரட்டும்.

சீர் அவன் கொண்டாரணும், மடி இன்னொருத்தனதாம்! கூடப் பொறந்தவன் இருக்க செல்போன் கடைக்காரன் மடியா? ஆனா நான் வாயத் திறந்து எதுத்துப் பேசுறவளா? தலைய ஆட்டிட்டு எந்திரிச்சுப் போயி மாமனாருகிட்டச் சொன்னேன், "அத்தை என்ன சொல்றாங்கன்னா, தாய்மாமன் மடிதான் முறை, குருநாதன் மடியிலதான் குத்தணுங்குறாங்க." மாமனாரு, "அவளா சொன்னா? சரி"ன்னுட்டாரு. அண்ணனுக்கும் போன்ல காட்டிட்டேன், அத்தையே உன்னையத்தான் கேக்குறாங்கன்னு. அவன் முகத்தப் பாக்கணுமே நீங்க. ரெண்டு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டான், அவங்களா? நெசமாவா? நெசம்னேன். அன்னிக்கு அவன் கையப் புரட்டல.

காதுகுத்து அன்னிக்குக் கோயில்ல நிக்க எடமில்ல. இவனுக்கு முடி எடுத்துச் சந்தனம் பூசி மால போட்டு வச்சிருக்கு. எங்கண்ணன் தேங்கா, பழம், துணி, தங்கத்துல குட்டித் தோடுன்னு தாம்பாளம் தாம்பாளமாக் கொண்டாந்து எறக்கிட்டு, பட்டு வேட்டியில நிக்கிறான். அந்தப் பக்கம் ஞானசேகரும் பட்டு வேட்டி! அத்தை யாரு மூலமாவோ ஆளு விட்டுருக்காங்க. இது எனக்குத் தெரியாது. இப்படி முதுகுல குத்துவாங்கன்னு நான் நெனைக்கல.

ஆசாரி கம்பியத் தட்டுல வச்சுட்டு, "மாமன் உக்காருங்கப்பா"ன்னாரு. ரெண்டு பட்டு வேட்டியும் ஒண்ணா முன்னாடி வந்துச்சு. சனம் அத்தையப் பாத்துச்சு. அத்தை காதுல போன வச்சு, மடியத் தட்டிக் காட்டினாங்க. சனம் என்னையப் பாத்துச்சு.

"அத்தை என்ன சொல்றாங்கன்னா," நான் தொண்டையச் சரி பண்ணிக்கிட்டேன், "போன் பேசுறவங்கள்லாம் தள்ளி நில்லுங்க, குருநாதன் மடியில உக்கார வைங்கன்னு சொல்றாங்க."

நல்லாத்தானே சொன்னேன்? அண்ணன் உக்காந்தான். புள்ளைய மடியில வாங்கிக்கிட்டான். அத்தை கைய ஓங்கி ஓங்கி ஞானசேகரக் காட்டுறாங்க. "சீக்கிரம்குறாங்க, நேரம் போகுதாம்"னேன். அத்தை நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. "சந்தோசம் தாங்க முடியலையாம்"னேன். வாயத் திறக்க முடியுமா அவங்களால? சூடம் அணைச்ச சத்தியம். இன்னும் ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம் போயிருந்தா காது குத்தி முடிஞ்சிருக்கும்க்கா.

அண்ணன் தலையத் தூக்கி அத்தையப் பாத்துட்டான். அந்தக் கையப் படிக்கிறதுக்கு அந்தக் கூட்டத்துல என்னைய விட்டா அவன்தான். படிச்சான். என்னையப் பாத்தான். அவ்வளவு சனத்துக்கு முன்னாடி, மெதுவா, உள்ளங்கையப் புரட்டினான்.

உக்காந்துக்கோன்னு கண்ணக் காட்டுறேன். உனக்காகத்தான்டா, உக்காருடான்னு காட்டுறேன். எந்திரிச்சுட்டான். புள்ளையத் தூக்கிக்கிட்டு அத்தை முன்னாடி போயி நின்னு, ஒரு கையால சொன்னான். உங்க பேரன். நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. பொய்யில உக்கார மாட்டேன். சொல்லிட்டு, புள்ளையக் கொண்டுபோயி ஞானசேகரு மடியில அவனே வச்சுட்டு, தள்ளி நின்னுக்கிட்டான்.

துரோகமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு, "என்ன செண்பகம் இது, அம்மா என்ன சொன்னாங்க?"ங்குறாரு. நான் புள்ளைக்கு விசிறிக்கிட்டே, "வெயிலு ஜாஸ்தி"ன்னேன்.

ஆசாரி வலது காதுல கம்பிய எறக்கினாரு. இவன் போட்டான் பாருங்க ஒரு சத்தம்! "ம்ம்மா!" கோயில் மணி ஆடிப்போச்சு. சனம் முழுக்க, "பேசிட்டான்! புள்ள அம்மான்னுட்டான்!"னு கொலவ போடுது. மாமனாரு துண்டச் சுத்துறாரு. அத்தை சாமிய நோக்கி விழுந்து கும்பிட்டாங்க. விரதம் முடிஞ்சு போச்சு.

ஆனா இன்னொரு காது இருக்கே. ஞானசேகரு மடியில இவன் நிக்கவே இல்ல. ஒதைக்கிறான், கடிக்கிறான், பட்டு வேட்டியில ஒண்ணுக்கும் போயிட்டான். அவன் சட்டப் பையில போன் வேற அடிக்குது. ஆசாரி, "இப்படி ஆடினா நான் கண்ணுலதான் குத்துவேன்"னு கம்பியக் கீழ வச்சுட்டாரு. அப்ப இவன் எங்கண்ணன் நின்ன பக்கம் திரும்பி, ரெண்டு கையையும் நெஞ்சுல சேத்து வச்சு விரிச்சான். தூக்கு. திரும்பவும். தூக்கு. அழுகையில மூச்சு நின்னு நின்னு வருது, கை மட்டும் நிக்கல.

அண்ணன் வரல. அசையாம அத்தையப் பாக்குறான்.

அத்தைக்குத்தான் இப்ப வாயி இருக்கே. ஊருக்கே கேக்குற மாதிரி கத்தியிருக்கலாம். கத்தல. எந்திரிச்சு அவன் கண்ணுக்கு நேரா போயி நின்னு, கையால சொன்னாங்க. மாமன். அவன் மடியத் தட்டினாங்க. அவங்க காத மூடிக்காட்டி, அந்தக் கைய வீசி எறிஞ்சாங்க. அவன் கையப் பிடிச்சு இழுத்துக் கொண்டாந்து ஆசாரி முன்னாடி உக்கார வச்சாங்க.

இடது காது எங்கண்ணன் மடியில குத்தினது. கம்பி ஏறுறப்ப இவன் அவன் சட்டையில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டான், விசும்பல் மட்டும்தான். அத்தை என்ன சொன்னாங்கன்னு அங்க எல்லாருக்கும் புரிஞ்சுது. ராக்கம்மாவுக்குக் கூட! எனக்கு அதுதான்க்கா ஆறல. அத்தன சனத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாங்க?"ன்னு கேக்கல. நான் வாயத் திறந்துக்கிட்டு நிக்கிறேன்.

அப்புறம் அத்தை என் பக்கம் திரும்பினாங்க. ரெண்டு மாசத்துக்கு மேல பூட்டி வச்ச வாயி. மொத வார்த்த என்ன சொல்லப் போறாங்கன்னு ஊரே கேக்குது. பேரனப் பத்தியா, சாமியப் பத்தியா?

"ஏண்டி, நான் என்னிக்குடி புரோட்டா கேட்டேன்?"

அதுக்கப்புறம் மோரு வந்துச்சு, களைவெட்டு வந்துச்சு, ஒண்ணொண்ணா எல்லாம் வந்துச்சு. கிடாக்கறி ஆறிப் போச்சு, அவங்க முடிக்கல. அத விடுங்க, பெரியவங்க, சொல்லிட்டுப் போறாங்க.

எங்கண்ணன் இருக்கானே, அவன்தான் துரோகி. மருதாணி வச்ச கை மாதிரி பத்திரமா வச்சுக் காப்பாத்தினேன். இப்ப விருந்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான், ஏறினதுலருந்து சொல்லிக்கிட்டு வர்றான், இனிமே எனக்காக நீ பேசாத, நானே பேசிக்கிறேன்னு. எப்படிப் பேசுவான்? யாருக்குப் புரியும்? அந்தா பாருங்க, உங்ககிட்ட என்ன சொல்லிட்டு வர்றேன்னு கேக்குறான். இருங்க. தக்காளி வெலையப் பத்திப் பேசுறோம்னு சொல்லிட்டேன்.

கல்யாணமா? ஆகலக்கா. பிரஸ்ல பைண்டிங் வேலை பாக்குற ஒரு பொண்ண அடிக்கடி சொல்லுவான். அவளும் இவன மாதிரிதான், காது கேக்காது. கன்னத்துல மச்சம், அதான் அவ பேரு. அந்தப் பேச்ச எடுத்தாலே நான் வேற பேச்சுக்குப் போயிருவேன். ரெண்டு பேரும் இப்படி இருந்தா வீட்டுல யாரு பேசுறது? வாயுள்ள பொண்ணா நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

உங்க தங்கச்சி மகளா? நெசமாவா? நல்லாப் பேசுவாளா? அதுதான்க்கா வேணும். அவன்கிட்டக் கேக்கவெல்லாம் வேண்டாம், அவனுக்குச் சம்மதம்தான். நான் சொல்றேன்ல.

ஐயோ, நீங்க எதுக்குக்கா அவன்கிட்ட நேரா தாலியக் காட்டிக் கேக்குறீங்க? அவனுக்குப் புரியாதுக்கா.

தலைய ஆட்டுறானா? அது ரோடு சரியில்ல, பஸ்ஸு குலுங்குது. கன்னத்துல விரல வைக்கிறானா? கொசு கடிச்சிருக்கும். ரெண்டு விரலச் சேத்து வச்சு நெஞ்சுல வைக்கிறானா? அது, உங்க குடும்பத்துக்கு நன்றி சொல்றான். நீங்க ஊர் பேரச் சொல்லுங்க, நாங்க வர்ற வெள்ளிக்கிழமையே வர்றோம்.

யாரு, மடியில இவனா? இவன் கையப் புரட்டிப் புரட்டிக் காட்டுறான்ல, அது ஒண்ணுமில்லக்கா. புள்ளைக்குப் பசிக்குதாம்.